எட்டடிக் கல்

ஆழ்துளை போடும் லாரியோடு எட்டு வருஷம் ஊர் ஊராக அலைந்த வேம்புலிக்கு, 1974 வறட்சியில் தன் தெருவிலேயே வேலை வந்தது. கோவில்பதாகையில் கிணறெல்லாம் வறண்டு கிடந்தது. அவன் மனைவி நாகவல்லி தண்டவாளம் தாண்டிப் போய்த் தண்ணீர் சுமந்தாள். அவள் அந்தத் தண்டவாளத்தை மிதிக்காமல் இருந்தால் போதும் அவனுக்கு.

துளைக்குழாயில் உருளை உருளையாக வரும் கல்லைப் பெட்டியில் அடுக்குவது அவன் வேலை. குழாயைத் தட்டினால் அதன் அடிவாய் வழியாக அடிக்கல்தான் முதலில் விழும். அதை வரிசையின் கடைசியில் வைக்க வேண்டும். தூக்கத்தில்கூடத் தப்பாது என்று பீற்றிக்கொள்வான். அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. கூட்டத்தில் நாகவல்லி வாயைப் பொத்திச் சிரித்தாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவளைப் பார்த்தபடியே, விழுந்த வரிசையில் அடுக்கிவிட்டான்.

புவியியல் அதிகாரி கஜபதி பெட்டியைப் பார்த்தார். கடைசி வரிசையில் முதலில் வெடிப்பு விட்ட பழம்பாறை, அப்புறம் இறுகிய கிரானைட்.

"கீழ பூரா கிரானைட்தான். வெடிப்பு இல்லாம தண்ணி வராது, நிறுத்துங்க."

லாரி போய்விட்டது. மூன்றாம் மாதம், குடத்தோடு தண்டவாளம் தாண்டிய நாகவல்லி ரயிலில் அடிபட்டுச் செத்தாள்.

சனங்கள் மனு மேல் மனு போட்டதில், மறுவருஷம் பத்தடி தள்ளி இன்னொரு துளை போட்டார்கள். எட்டடி கிரானைட்டைத் தாண்டியதும் தண்ணீர் ஏறி வந்தது. கஜபதிக்கு ஒரே உற்சாகம்.

"கோடிக்கணக்கான வருஷம் முந்தி ரெண்டு நிலம் மோதிச்சு வேம்புலி. அப்போ அடியில உருகின கல்லு, பழைய பாறையோட வெடிப்புல பூந்து ஆறிப்போச்சு. வெறும் பட்டைதான் இது. போன தடவை எப்படித் தெரியாமப் போச்சு?"

வேம்புலி கிடங்கில் பழைய பெட்டியைத் தேடித் திறந்தான். கடைசி வரிசையின் தொடக்கத்தில், தண்ணீர் ஓடிய துருக்கறையோடு ஒரு வெடித்த கல். கடைசியில் இருக்க வேண்டிய கல்.

"சார், நான்தான் மாத்தி அட்க்கிட்டேன். அப்பவே கிரானைட்ட தாண்டிக்கீறோம் சார். என் பொண்டாட்டிய நானே சாவடிச்சிட்டேன்."

"நானும்தானே பாத்தேன், எனக்கும் தெரியலையே" என்றார் கஜபதி. அதில் அவனுக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

பம்பு வைத்த அன்று பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா முதல் குடத்தை அவன் வாசலில் இறக்கினாள்.

"நீ போட்ட தண்ணி நைனா, குடி."

வேம்புலி உள்ளே போய் நாகவல்லியின் இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு, தண்டவாளம் தாண்டித் தண்ணீருக்குப் போனான்.