நெல்லுக்குள் வைத்த கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு ஒரு பார்சல் வந்தது. புதிய கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டரில் படம் துல்லியமாக ஓடுவதற்கான அட்டை. பத்தாம் வகுப்பு முடித்ததற்கு அவள் கேட்ட ஒரே பரிசு அதுதான். பெட்டியைப் பிரித்ததும் கார்டுக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் மேஜையில் விழுந்தது. ஈரத்தை உறிஞ்சுவதற்காக உள்ளே போட்டு வைப்பார்களே, தின்றுவிடாதே என்று எழுதியிருக்குமே, அந்தப் பொட்டலம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் சிநேகிதன் கதிர் எதிரே காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா. உங்கப்பா அந்தக் காலத்துல இந்தப் பொட்டலத்துக்குப் பதிலா வேற ஒண்ணு வச்சிருந்தாரு," என்றான் கதிர்.

அவளுக்கு மேற்கொண்டு கேட்கப் பொறுமையில்லை, ஸ்க்ரூடிரைவர் தேடப் போய்விட்டாள். நீங்களாவது கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

புது கார்டுக்கு ஒரு வாசனை உண்டு. புதுச் செருப்புக்கும் புதுப் பாடப்புத்தகத்துக்கும் நடுவில் ஒரு வாசனை. எங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு அந்த வாசனை ஒருநாளும் இருந்ததில்லை. அதன் பக்கத்தில் போனால் நெல் தூசும் சாக்கும்தான் மணக்கும். அதற்குப் பெயர் சிஸ்டம் நாலு. மன்னார்குடியில் ஒரு பிரௌசிங் சென்டரை மூடியபோது, அங்கே நான்காவது தடுப்பில் இருந்த பெட்டியைக் கதிரும் நானும் சேர்ந்து வாங்கினோம். பெட்டி என்றால் வெறும் பெட்டி. உள்ளே இருந்ததை எல்லாம் எங்களுக்கு முன்பே யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நெற்றியில் 'சிஸ்டம் 4' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டோம்.

உள்ளே வைக்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அதற்கு ஒரு திட்டம் இருந்தது. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் கதிர் தன் அழகான கையெழுத்தில் எழுதினான்: குறுவைக்கு மதர்போர்டும் பிராசஸரும். தாளடிக்கு ரேம். அடுத்த வருஷச் சம்பாவுக்குக் கிராபிக்ஸ் கார்டு. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்குச் சுண்ணாம்பு எல்லாம் அறுப்பை வைத்துத்தான். கம்ப்யூட்டர் மட்டும் தனியாகவா வரும்? மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று அப்பா கவலையோடு பேப்பரைப் புரட்டுவார். அவர் கீழே வைத்ததும் அதே செய்தியை நான் எடுத்துப் பார்ப்பேன். மகனுக்கு விவசாயத்தில் அக்கறை வந்துவிட்டதென்று அப்பா கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தார். தண்ணீர் தாமதமானால் ரேமும் தாமதம் என்பதுதான் என் அக்கறை.

கதிருக்கு அப்போது மன்னார்குடியில் பேனர் அடிக்கும் கடையில் வேலை. பூப்புனித நீராட்டு விழா, புதுமனைப் புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கையில்தான் உருவாகும். இறந்தவர் படத்தில் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பை லேசாக எடுத்துவிட்டு, 'தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கட்டும்டா' என்பான். நான் டிகிரி முடித்துவிட்டு, பரீட்சைகளுக்கு மனு போடுவதைத் தொழிலாக வைத்திருந்தேன். அவனுக்குக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்குக் கார் ஓட்டும் கேம் ஆட வேண்டும். நான் ஓட்டிய காரெல்லாம் முதல் வளைவிலேயே கடலுக்குள் போனது வேறு கதை.

மதர்போர்டு வாங்கத் தஞ்சாவூர் போனோம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடிப்படி ஏறிப் போகிற கடை. கடைக்காரர் பெரிய பெரிய சாமானாக எடுத்து வைக்க, கதிர் நாள்காட்டித் தாளை விரித்து, "இது வேணாங்க, இதுக்கு அடுத்தபடி சொல்லுங்க" என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தான். ஒன்றில் மட்டும் இறங்கவில்லை. நல்ல பவர் சப்ளைதான் வேண்டும் என்று நின்றான். திரும்பும்போது வடுவூர் தாண்டுகிற வரை பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான். "என்னப்பா, மிக்சியா?" என்று கண்டக்டர் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டோம். கம்ப்யூட்டர் என்றால் லக்கேஜ் டிக்கெட் போடுவாரோ என்று பயம்.

பவர் சப்ளையில் அவன் பிடிவாதம் பிடித்ததன் அருமை பிறகு தெரிந்தது. குறுவைக் காலத்தில் மும்முனைக் கரண்ட் வந்ததும் ஊரிலுள்ள போர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து உறுமும். வீட்டு பல்பு சோகையாகிவிடும். டிவி சுருங்கும். சிஸ்டம் நாலு மட்டும் அசையாமல் ஓடும். எப்போதாவது படுத்துவிட்டால் ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறக் காலைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவோம். முக்கால்வாசி வியாதிக்கு அதுதான் மருந்து. சூடு தாங்காது என்று பெட்டியைப் படுக்கப் போட்டு, மேல்பக்கம் வந்த பக்கவாட்டுத் தகட்டை மட்டும் நிரந்தரமாகக் கழற்றி வைத்துவிட்டோம். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிஸ்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. கதிர் வீட்டில் அதற்கு இடமில்லை. கதிரின் அப்பா எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்துகொண்டிருந்தவர். கதிரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஒரே சைக்கிளில் போனோம். ஆனாலும் சிஸ்டம் நாலு வந்த பிறகுதான் அவன் எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அதற்கு முன்னால் வாசலோடு சரி. யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. இது என் மூளைக்கு எட்டியது பல வருஷம் கழித்து. எண்ணிப் பார்த்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருஷம் சம்பா அறுப்பு வரைக்கும் கதிரால் காத்திருக்க முடியவில்லை. சென்னையில் ஒரு அனிமேஷன் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள், மாசி கடைசிக்குள் பத்து விநாடிப் படம் ஒன்று செய்து அனுப்ப வேண்டும். அது பிடித்திருந்தால் வேலை. பேனர் கடைக் கம்ப்யூட்டர் இதைத் தொடவே தொடாது. பொங்கல் பேனர் சமயத்தில் பகலெல்லாம் நின்று உழைத்த கூலியில் அவனே கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டான். நெல் போட்டதும் என் பங்கைக் கொடுப்பது என்று ஏற்பாடு.

அவன் செய்த படம் இதுதான்: காய்ந்து கிடக்கிற ஒரு வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிறது. அவ்வளவுதான். சினிமாக்காரர்கள் தண்ணீர் என்றால் கண்ணாடி போல ஓடவிடுவார்கள். முதல் தண்ணீர் அப்படியா வரும்? முன்னால் சருகும் நுரையும் தூசும் உருண்டு வரும். ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, கொஞ்சம் நின்று, நிரம்பி, அப்புறம்தான் அடுத்த அடி வைக்கும். அவன் அதை அப்படியே செய்திருந்தான். மதகிலிருந்து கிளம்பி, வளைவு திரும்பி, வயலுக்குள் போய் முடிய வேண்டும். ஏழு விநாடி முடிந்திருந்தது. அப்பா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இது எந்த வாய்க்கால், நம்ம கீழ வாய்க்காலா?" என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் கதிர் அன்றைக்குச் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அப்புறம் மழை. அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகக் கிடந்தபோது, தை மாதம் பெய்யக்கூடாத மழை பெய்தது. படுதா போட்டும் அடியில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஈரம் பார்க்கும் மெஷினில் ஒரு கை நெல்லைப் போட்டுவிட்டு, காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவன் நான்தான். வெயில் வருகிறவரை வேறு இடமில்லாமல் அந்த நெல்லையெல்லாம் கூடத்தில், சிஸ்டம் நாலுக்குப் பக்கத்திலேயே கொட்டினோம்.

மறுநாள் மத்தியானம் கூடத்து மேல்தளம் ஒழுகியது. பக்கவாட்டுத் தகடு இல்லை என்று சொன்னேனே. நேராகக் கார்டின் மேல்தான் சொட்டியது. அப்போது ஸ்விட்ச் போட்டிருக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கதிர் ஓடி வந்து கார்டைக் கழற்றித் துண்டால் ஒற்றினான்.

"கரண்ட் குடுக்கலல்ல. காஞ்சா பொழச்சுக்கும்டா. கடையில போனு தண்ணில விழுந்தா அரிசிக்குள்ள போட்டு வைப்போம்," என்றான்.

அரிசி டின்னைத் திறந்தேன். அடியில் நாழி அரிசிதான் இருந்தது.

"அரிசி எதுக்குடா? கூடம் முழுக்க நெல்லு கெடக்கு. இதுக்குள்ள வச்சா சொட்டு ஈரம் இருக்காது," என்றேன்.

நான் சொன்னேன். அவன் சொல்லவில்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றி, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் குவியலின் நடுவில் புதைத்தேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. ஆகா, சூடு இருக்கிறது, நன்றாகக் காயும் என்று வேறு சொன்னேன். மூன்று தலைமுறையாக நெல் விதைக்கிற குடும்பம். ஈர நெல்லைக் குவித்துவைத்தால் ஏன் சூடாகும் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

நான்காம் நாள் எடுத்தோம். துணி பிசுபிசுவென்று இருந்தது. கார்டின் மின்விசிறிக்குக் கீழே தகடு தகடாக இருக்குமே, அந்த இடுக்கில் சிக்கிய நாலைந்து நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அப்பாவும் பார்த்தார். குவியலில் ஒரு கை அள்ளிப் பார்த்தார். அதுவும் முளைத்திருந்தது.

"ஈரமா இருக்குன்னுதானடா திருப்பி அனுப்புனாங்க. நீதான நின்ன," என்றார் என்னிடம்.

கதிர் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ அப்பா கையிலிருந்த நெல்லைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் இப்படி ஆயிடுச்சேங்க," என்றான்.

தஞ்சாவூர்க் கடைக்காரர் கார்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "செடி நல்லா வந்திருக்கு தம்பி, போர்டுதான் போச்சு," என்றார். கார்டு இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் ஒரு அங்குலம் நகர அரை நாள் ஆனது. மாசி முடிந்துவிட்டது. நெல்லும் மாட்டுத் தீவன விலைக்குப் போனதால், என் பங்கு என்ற பேச்சே எழவில்லை. கதிர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. சித்திரையில் அவன் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டான். சிஸ்டம் நாலை நீயே வச்சுக்கடா என்றான்.

இதெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது மகள் ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். "மாமா, நீங்க மாட்டித் தரீங்களா? உங்களுக்குத் தெரியும்னு அப்பா சொன்னாங்க," என்றாள்.

"எல்லாம் மறந்துபோச்சும்மா," என்றான் கதிர். சொல்லிக்கொண்டே கார்டை வாங்கினான். காங்கிரீட்டில் தடித்துப்போன விரல்கள். இரண்டு ஓரத்தையும் பிடித்து, சரியான இடத்தில் வைத்து ஒரே அழுத்து. டக்கென்று கொக்கி விழுந்தது. அவள் கேமை ஓடவிட்டாள். அவன் நின்றுகொண்டே பார்த்தான்.

"சிஸ்டம் நாலு என்னடா ஆச்சு?" என்று கேட்டான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஊர் வீட்டைக் குடுத்துட்டு இங்க வந்தப்ப, பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன்."

"டிஸ்க்கோடயா?"

"டிஸ்க்கோடதான்."

"சரி விடு," என்றான்.

அவன் செய்த படம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. எடுத்து வைத்திருக்கலாம். நாலு ஸ்க்ரூ கழற்றுகிற வேலை. அன்றைக்குத் தோன்றவில்லை. இரண்டாவது முறையும் அவன் பொருளை நான்தான் கெடுத்தேன்.

"நீங்க ஒரு ஆட்டம் ஆடுறீங்களா மாமா?"

"நீ ஆடும்மா." ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேஜை ஓரமாக வைத்தான். "விளையாட மட்டும் வச்சுக்காத. வேற எதாவதும் பண்ணிப் பாரு."

"வேறன்னா?"

கதிர் யோசித்தான். "தண்ணி வர்ற மாதிரி எதாவது," என்றான்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினாள். மன்னார்குடிப் பிரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அப்பா இல்லை. எங்கள் கூடத்தில் வேறு யாரோ கட்டில் போட்டிருக்கிறார்கள். ஒரு மெஷினை இரண்டு பேர் சேர்ந்து, அறுப்புக்கு அறுப்பு காத்திருந்து வளர்த்தார்கள் என்றால் என் மகளுக்கே நம்ப முடியாது. அதெல்லாம் போகட்டும். அந்த ஏழு விநாடி எங்குமே இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. தண்ணீர் மதகைத் தாண்டி, சருகைத் தள்ளிக்கொண்டு, வளைவு வரைக்கும் வந்துவிட்டது. வயலுக்கு இன்னும் மூன்று விநாடி இருந்தது.