ஃபில்டர் பார்க்க வந்தவர்

துப்பறிவாளர் என்று பலகை மாட்டியிருந்தாரே தவிர, அவருக்கு வந்ததெல்லாம் எரிந்த காரை எரித்தது யார் என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லும் வேலைதான். மாடியில் ஒரே அறை. கீழே பல் மருத்துவர். பல்வலியோடு வழிதவறி ஏறி வருபவர்களை இவர் கீழே திருப்பி அனுப்புவார்.

அப்படித் திரும்பிப் போகாதவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. நிதி நிறுவன முதலாளி ஒருவன் ஊரார் சேமிப்பைச் சுருட்டிக்கொண்டு தலைமறைவாகியிருந்தான்.

"நீங்க தேடிக் குடுங்க."

"எனக்கு அதிகாரம் கிடையாதும்மா."

"அதிகாரம் இருக்கறவங்களைத்தான் முதல்ல போய்ப் பார்த்தேன்."

துப்பறிவாளர் முதலாளியின் மாமியார் வீட்டுக்குக் கையில் ஸ்பானரோடு போய், தண்ணீர் ஃபில்டர் சரிபார்க்க வந்ததாகச் சொன்னார். மாமியார் உள்ளே விட்டு, டீயும் கொடுத்தார். பின்னறையில் மாப்பிள்ளை டிவி பார்த்துக்கொண்டிருந்தான். வந்த பாவத்துக்கு ஃபில்டரையும் கழுவி மாட்டிவிட்டு, நேரே போலீஸுக்குப் போனார்.

மாலைக்குள் முதலாளி பிடிபட்டான். இன்ஸ்பெக்டர் கேட்டார்: "நீங்க எப்படி உள்ள போனீங்க?"

உள்ளதைச் சொன்னார். பொய் சொல்லி வீட்டுக்குள் நுழைந்ததாக அவர்மேலும் ஒரு வழக்குப் பதிவானது.

நீதிமன்ற வராந்தாவில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. முதலாளி பக்கத்தில் நகர்ந்து வந்தான். "நான் ஏமாத்தினேன்னு இன்னும் யாரும் நிரூபிக்கல சார். நீங்க ஏமாத்தினதை நீங்களே ஒத்துக்கிட்டீங்க."



சாட்சிக்கூண்டில் மாமியார் சொன்னார்: "பொய் சொல்லித்தான் வந்தார். ஆனா அன்னையிலேர்ந்து தண்ணி நல்லா வருது." நீதிபதி முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

முதலாளிக்குச் சிறை; இவருக்கு அபராதம். ஆசிரியை கட்ட வந்தபோது, வேண்டாமென்று தானே கட்டினார்.

"தப்பா என்ன செஞ்சிட்டீங்க?" என்றாள் மனைவி.

"அந்தம்மா குடுத்த டீயைக் குடிச்சிட்டுப் போய்க் காட்டிக் குடுத்தேன்."

"குடிக்காம காட்டிக் குடுத்திருந்தா?"



அதன்பிறகு எந்த வீட்டிலும் வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் கதவு மூக்கில் இடிக்கும். வருமானம் பாதியானது, மனைவி தையல் வேலைக்குப் போனாள்.

ஒருநாள், சங்கப் பணத்தில் கைவைத்ததாகச் சொல்லப்பட்ட பொருளாளர் வீட்டு மணியை அடித்தார். பொருளாளரின் மனைவி கதவைப் பாதி திறந்தாள்.

"நான் தனியார் துப்பறிவாளர். உங்க வீட்டுக்காரரைப் பத்தி விசாரிக்கணும். நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல."

அந்தப் பெண் கதவுச் சங்கிலியைக் கழற்றினாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"யாராவது கேப்பாங்களான்னுதான் இருந்தேன். வாங்க."