மடைவாயில் குவித்த ஆகாயத்தாமரை

பாண்டீஸ்வரி அக்கா உட்கார்ந்திருந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ராஜபாளையம் மில்லில் இருபத்திரண்டு வருடம் சைடர் வேலை அவளுக்கு. அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே மிஷின்களுக்கு நடுவே எட்டு மணி நேரமும் நடக்க வேண்டும். பக்கத்து மிஷினில் நானும் நடந்தவள்தான். வேலையை விட்டதும் நான் காலை நீட்டிப் படுத்தேன். அவளுக்கு அது வாய்க்கவில்லை. நடையைச் சோழபுரம் கண்மாய்க்கரைக்கு மாற்றிக்கொண்டாள்.

காரணம் இருந்தது. அவள் வீட்டுக்காரர் பால்சாமி அண்ணன்தான் கண்மாய் மடையைத் திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சி. மடையின் திருகு ஷட்டர் பழுதாகி மூன்று வருடமாகிறது. முங்கிப் போய்த்தான் அடைப்பைப் பிடுங்க வேண்டும். மனு கொடுத்தே நாங்கள் சலித்துப்போனோம். போன வருடம் அண்ணன் முங்கியபோது, மேலே ஆகாயத்தாமரை பாய் விரித்ததுபோல மூடிக்கொண்டது. வேர் கழுத்தைச் சுற்ற, வெளிச்சம் தெரியாமல் தவித்து, ஒருவழியாக மேலே வந்தார். கரையில் நின்ற அக்காவுக்கு அன்று போன தூக்கம் திரும்பவே இல்லை.

கோடையில் பொக்லைன் வைத்து வாரினார்கள். சுத்தமாகிவிட்டது என்று ஊர் வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா போகவில்லை. ஒரு செடி மிஞ்சினாலும் ஒரே மாதத்தில் அது குடும்பமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். விடிந்ததும், நுனியில் கொக்கி வைத்த தொரட்டிக் கம்போடு கரையைச் சுற்றுவாள். சாயங்காலம் இன்னொரு சுற்று. பாதிச் சோற்றில் எழுந்து ஓடியதும் உண்டு.

"செத்த நேரம் உக்காரேன்க்கா," என்பேன்.

"அவிய முங்குத எடம் பியூலா. ஒத்த எலை கெடக்கப்படாது," என்பாள். அதற்குள் பத்தடி தள்ளிப் போயிருப்பாள்.

இழுத்த செடிகளை மடைக்கு மேலேயே, கரையின் உள்சரிவில் குவித்தாள். கழற்றிய நூல்கண்டுகளைச் சூப்பர்வைசர் கண்ணில் படும்படி அடுக்கிப் பழகிய கை அது. "எம்புட்டு எடுத்திருக்கேன்னு ஊரு பாக்கட்டும்," என்றாள். ஆவணியிலிருந்து சேர்ந்து சேர்ந்து ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே பச்சை. அதை அப்புறப்படுத்தச் சொல்ல எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை. தினமும் அதைத் தாண்டித்தானே போனேன், எனக்கென்ன கண் இல்லையா?

ஐப்பசிக் கடைசியில் மலையில் மழை கொட்டியது. கண்மாய் ஒரே நாளில் மூன்றடி ஏறியது. கீழே எங்கள் வயல்களில் தூறல்கூட இல்லை, நாற்றுகள் வாடிக்கொண்டிருந்தன. மறுநாள் காலை அண்ணன் மடை திறக்க வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

அவர் தண்ணீரைச் செத்த நேரம் பார்த்தார். ஒரு இலைகூட மிதக்கவில்லை.

"ஏட்டி, கண்ணாடி மாதிரில்லா வச்சிருக்க," என்றார்.

அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. துண்டை அவளிடம் கொடுத்துவிட்டு அண்ணன் முங்கினார்.

ஏறிய தண்ணீர் குவியலின் அடியை அரித்துக்கொண்டிருந்ததை நாங்கள் மூன்று பேருமே கவனிக்கவில்லை. அடைப்பு கழன்றதும் தண்ணீர் மடைவாயை நோக்கி இழுத்தது. குவியல் அப்படியே சரிந்தது. சத்தம்கூட வரவில்லை. மூன்று மாதமாக அவள் பிடுங்கியது முழுக்க, அவர் முங்கிய இடத்தின்மேல் படர்ந்து நின்றது.

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. தொரட்டியின் ஒரு முனையை என் கையில் திணித்தாள், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கழுத்தளவுத் தண்ணீரில் ஒற்றைக் கையால் செடிகளைப் பிய்த்தாள். கை போதாமல் பல்லாலும் இழுத்தாள். கர்த்தரே, இவளையும் விட்டுவிடக் கூடாதே என்று கம்பை நெஞ்சோடு அணைத்து நின்றேன். அதுவரை அவ்வளவு பயந்ததே இல்லை நான்.

அவள் பிய்த்த ஓட்டையில் ஒரு கை வந்தது. பிறகு தலை வந்தது. அண்ணன் இருமித் துப்பினார். மூச்சு வந்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

"ஏட்டி, எவன் இதக் கொண்டாந்து இங்கன குவிச்சது?"

அக்கா அவர் தலைமுடியைப் பிடித்த பிடியை விடவில்லை.

"நாந்தான்," என்றாள்.

அவர் தொரட்டியை எட்டிப் பிடித்தார். கரையேறியதும் அக்கா ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.