சென்சர் மேல் வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் நான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டேன். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு யாரும் போய்விடக் கூடாது.

மலேசியாவில், சுங்கை வேயில், ஏர்கான் பெட்டிகளுக்கு இரும்புத் தகடு வெட்டி வளைக்கும் தொழிற்சாலை. பாதுகாப்புப் பிரிவில் எனக்கு அது நான்காவது மாதம். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். டிப்ளோமா முடித்த சூட்டில், எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் குறை எழுதிக்கொண்டிருந்தேன். பூஜையன்று அந்த வேகம் அலங்காரத்தின் பக்கம் திரும்பிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை வாங்கி மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தேன். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, ஒரு இயந்திரத்தையும் விடாமல் பொட்டு வைத்தேன்.

தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் மஞ்சள் தூண்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். நடுவே கை புகுந்தால் ஒளி தடைபடும், பிரஸ் இறங்காது. அதைத்தான் நாங்கள் சென்சர் என்போம். அந்தத் தூண்களின் கண்ணாடிப் பட்டையிலும் மூன்று மூன்று பொட்டு வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

தீபாராதனை முடிந்ததும் பிரஸ்ஸுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு தட்டுத் தட்டுவது முதலாளியின் வழக்கம், லோரிக்கு டயரடியில் வைப்பதுபோல. அன்று பிரஸ் அசையவில்லை. ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. கற்பூரம் அணைவதற்குள் ஆகவேண்டுமே என்று, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அண்ணன் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, சென்சரை நிறுத்தும் சாவியைத் திருப்பினார். நான் சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன், அதைப் பார்க்கவில்லை. பிரஸ் இறங்கியது. பழம் காகிதமாகியது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

மறுநாள் காலை காப்பியோடு உள்ளே வந்தபோது பிரஸ்ஸை ஓட்டும், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், வேலையைத் தொடங்கியிருந்தார். பதினெட்டு வருடமாக அதே இயந்திரம். தகட்டை வைப்பார், கையை இழுப்பார், கால்மிதியை அழுத்துவார், தாளம் பிசகாது. தூணில் என் சந்தனம் காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது. நன்றாக ஒட்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு இரண்டடி தாண்டிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. ஒளியைச் சந்தனம் மறைத்திருக்கிறது. ஆனாலும் பிரஸ் ஓடுகிறது. சென்சர் வேலை செய்தால் இரண்டும் சேர்ந்து நடக்க வழியே இல்லை.

சிவப்புப் பொத்தானை அடித்தேன். காப்பி சட்டையில் கொட்டியது.

"என்னம்மா, நேத்து மாலை போட்டதும் நீ, இன்னைக்கு மூச்சை நிறுத்துறதும் நீயா?" என்றார் அக்கா.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். சாவி திருப்பியபடியே இருந்தது. சுண்டல் வாங்கப் போனதில் மறந்தே போச்சு தங்கச்சி என்று முணுமுணுத்தார். இயந்திரச் சத்தம் நின்றதும் முதலாளி வந்துவிட்டார். பதினொரு மணிக்கு லோரி கிள்ளான் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். லோடு முடியட்டும், அப்புறம் துடைத்துக்கொள்ளலாம், அக்காவுக்குத் தெரியாத பிரஸ்ஸா என்றார். சரி, இது யார் தப்பு என்றும் கேட்டார்.

"சந்தனம் வச்சது நான், பாஸ். சாவியத் திருப்புனது அண்ணே. ஆனா மெஷின் பத்திரமா இருக்கான்னு பாத்து ஓட்ட விடவேண்டியது நீங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆனா, உங்களத்தான் முதல்ல கேப்பாங்க."

என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். பேசி முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

முதலாளி அக்காவைப் பார்த்தார், அவர் தன் பக்கம் பேசுவார் என்று. அக்கா முதலில் பிடித்தது என்னைத்தான். கேண்டீனில் படம் போட்டுப் பயிற்சி கொடுத்தாயே, நானும் கையெழுத்துப் போட்டேனே, இப்படி ஒரு சாவி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்டார். சொல்லவில்லை. நாற்பது ஸ்லைடு படம் காட்டியிருந்தேன், அதில் சாவி இல்லை.

பிறகு முதலாளியிடம் திரும்பினார். "யாரு யாரை வேணாலும் கேக்கட்டும், பாஸ். கை என்னோடது. தொடச்சுக் குடுங்க, நான் பாத்துட்டு உக்கார்றேன் லா."

முதலாளி தன் கைக்குட்டையை எடுத்துத் தானே தூணைத் துடைத்தார். அண்ணன் சாவியைப் பழைய நிலைக்குத் திருப்பி உருவினார். அக்கா ஒரு அட்டைக் குழாயைத் தூண்களுக்கு நடுவே நீட்டி மிதியை அழுத்தினார். பிரஸ் அசையவில்லை. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும் பார்த்தார். குழாயை எடுத்துவிட்டு அழுத்தினார், இறங்கியது. அப்புறம்தான் உட்கார்ந்தார்.

லோரி ஒரு மணிக்குத்தான் கிளம்பியது. அந்தச் சாவி இப்போது முதலாளி அறையில் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. யாராவது எடுக்க வேண்டுமென்றால் அவர் கையெழுத்து வேண்டும். சாவி பெட்டிக்குத் திரும்பி வரும்வரை பிரஸ்ஸில் யாரும் உட்காரக் கூடாது. பயிற்சியை மறுபடி நடத்தினேன், இந்த முறை பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, தமிழிலும் மலாயிலும். படம் ஒன்றுகூட இல்லை.

இந்த வருடப் பூஜைக்கும் சந்தனம் குழைத்தது நான்தான். அக்கா ஈரத்துணியோடு என் பின்னாலேயே வந்தார். கற்பூரம் எரியும்போது முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அட்டைக் குழாயைத் தூண்களுக்கு நடுவே நீட்டி, மிதியை அழுத்தினார். பிரஸ் அசையவில்லை. அக்கா தலையாட்டிய பிறகுதான் எலுமிச்சம்பழத்தை வைத்தார்.