ராசிபுரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கை

கொழும்பில் ரயிலைக் கோச்சி என்பார்கள். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தவள்தான் நான். ஆறு வருஷத்தில் அது என் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதே எனக்குத் தெரியவில்லை, சேலம் ஜங்ஷனில் இறங்கி ஒரு போர்ட்டரிடம், "டவுனுக்குப் போற கோச்சி எங்க நிக்கும்?" என்று கேட்கும் வரையில். அவர் என்னையும் என் தகரப் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தார். "கொச்சிக்குங்களா? எதிர் பிளாட்பாரமுங்க. வெரசாப் போங்க, வர்ற நேரந்தான்" என்று கைகாட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறி இறங்கினேன். அங்கே ஒரு மலையாளக் குடும்பம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. இந்த வண்டி எங்கே போகிறது என்று அவர்களிடம் கேட்டு, பதிலைப் புரிந்துகொள்வதற்குள், நான் விட்டுவந்த பிளாட்பாரத்திலிருந்து டவுன் வண்டி ஊதிக்கொண்டு கிளம்பிவிட்டது. சொந்த ஜில்லாவில் தமிழ் பேசி வழி தவறினேன் என்பதை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஏனென்றால் அன்று பொழுது சாய்வதற்குள் நான் ராசிபுரத்தில் இருந்தாக வேண்டும். என் தங்கை சரோஜாவுக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் நிச்சயதார்த்தம். செவ்வாய்க்கிழமை வந்த அப்பாவின் கடிதத்தில் மாப்பிள்ளை பெயரை இரண்டு தடவை படித்தேன். புறக்கோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கந்தசாமி. 'உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறாராம், நல்ல பையன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்' என்று அப்பா எழுதியிருந்தார். பக்கத்தில்தான் இருந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் சந்தின் கடைசி வீட்டில், சோமா என்கிற சிங்களப் பெண்ணோடும் மல்லிகா என்கிற இரண்டு வயதுக் குழந்தையோடும். ஊருக்கு லீவில் போவதாக அவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதைத் தந்தியில் எழுத முடியுமா? எங்கள் தெருவுக்கு வரும் தந்தியைத் தெருவே படிக்கும். என் கணவருக்குக் கடையை விட்டு வர வழியில்லை. 'புறப்பட்டு வருகிறேன்' என்று மட்டும் தந்தி கொடுத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர்களில் சோமாவும் ஒருத்தி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "நங்கிக்குக் கல்யாணம், சந்தோசம் தானே?" என்றாள். நங்கி என்றால் தங்கை. ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் தலைமன்னார் வரைக்கும், கப்பலிலும், திருச்சி வரைக்கும் என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

டவுன் வண்டியை விட்ட பிறகு ஜட்கா பிடித்தேன். குதிரை தன் இஷ்டத்துக்குத்தான் நடந்தது. வண்டிக்காரர் எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசினார். சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகள் ஒதுங்கும் வரை நின்றார். "கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்" என்றேன். "போயிட்டுத்தானுங்க இருக்குது" என்றார், குதிரைக்காகப் பரிந்து பேசுகிறவர் மாதிரி. பஸ் நிற்கும் இடத்தில் ராசிபுரம் பஸ் பாதி காலியாக நின்றது. டிரைவர் டீக்கடையில் இருந்தார். கொழும்பில் டிராம் வண்டி யாருக்காகவும் நிற்காது. மணியை இரண்டு தடவை அடித்தால் போய்விடும், ஓடி வருகிறவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த மணியை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்று அதற்காக ஏங்கினேன். "எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன். "ஆள் சேந்தா எடுத்துருவமுங்க" என்றார். நான் மணியைக் கேட்டேன், அவர் மனுஷரைச் சொன்னார். இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதானோ என்று அந்த அவசரத்திலும் தோன்றியது.

ஒருவழியாக ஆள் சேர்ந்தது. கடைசியாக, ஒரு கூடை நிறைய பூவோடு ஐம்பது வயது அம்மாள் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிராமில் ஆறு வருஷமாக முழங்கை இடிக்க உட்கார்ந்து போயிருக்கிறேன், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. இந்த அம்மாள் பஸ் ஊரைத் தாண்டுவதற்குள், "ஏங்கண்ணு, எங்க போற? யாரு ஊடு?" என்று ஆரம்பித்துவிட்டார். கொழும்பிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. "எங்க கந்தசாமியும் அங்கதான் இருக்கான். அக்கா மவன். அக்கா போனப்பறம் நாந்தான் வளத்தேன். இன்னைக்கு அவனுக்கு ராசிபுரத்துல நிச்சயம். அவங்கல்லாம் காலைலயே கார்ல போயிட்டாங்க. பூக்கட்ட நேரமாயிப் போச்சு, நான் பின்னால வாரேன்" என்றார்.

பஸ் மல்லூரைத் தாண்டியது. சோளக்காடுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு, நான் பெண்ணின் அக்கா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போதே மீதியையும் சொன்னேன். சொல்லும்போது குரல் மிகவும் தணிந்திருந்தது, பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அவர் கையை எடுக்கவில்லை.

"கண்ணால பாத்தியா, கேள்விப்பட்டதா?"

"அந்தக் குழந்தைய நான் மடியில வச்சுச் சோறு ஊட்டியிருக்கேங்க."

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு. மல்லிகான்னு பேரு."

"நம்ம பேருதான்" என்றார். அப்புறம், "நம்ம பேச்சுப் பேசுமா?" என்று கேட்டார். இரண்டும் பேசும் என்றேன். கூடையிலிருந்த பூவை ஒரு தடவை சரிசெய்துவிட்டு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "நீ வாயத் தொறக்காத சாமி. நீ சொன்னா, வேணும்னே தடுக்கறீங்கன்னு எங்காளுங்க சண்டைக்கு வருவாங்க. உங்கப்பாவும் உன்னையத்தான் வைவாரு. நாஞ் சொன்னா அது எங்க ஊட்டுப் பேச்சு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். என் தந்தியைச் சந்தோஷச் செய்தி என்று எடுத்துக்கொண்டு அப்பா வாசலுக்கு வந்து வரவேற்றார். அந்த அம்மாள் பூக்கூடையைக் கீழே வைக்காமலே நேராகக் கந்தசாமியின் முன்னால் போய் நின்றார். "மல்லிகாவுக்கு எத்தன வயசாச்சு கந்தா?" என்றார். கோபமில்லாத குரல். கந்தசாமி என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "ரெண்டு" என்றார். அதற்குமேல் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விளக்கு வைத்தபோது தட்டுகள் திரும்பிப் போயிருந்தன.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முன்னாலேயே தெரிந்திருந்தும் எழுதவில்லையே என்று கோபம். பேச்சு நடக்கிறதென்றே அந்தக் கடிதத்துக்கு முன்னால் எனக்கு யாரும் எழுதவில்லை என்பது அவருக்கு நினைவில்லை. சரோஜா ஒரு தடவை அழுதாள். பிறகு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அந்தப் பொம்பள எப்படி இருப்பா? ரவிக்கை எப்படிப் போடுவா? நம்மளப் பாத்தாச் சிரிப்பாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேட்கக் கேட்க, சோமாவைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கே வியப்பாக இருந்தது. "எப்ப ஊட்டுக்குப் போற?" என்றாள். "வர்ற வாரம்" என்றேன். பிறந்த வீட்டுக் கூரையின் கீழே படுத்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.

கிளம்புகிற அன்று காலை அந்த அம்மாள் சேலத்தில் குகை என்கிற பகுதியிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஒரு துணி முடிச்சை என்னிடம் கொடுத்தார். கந்தசாமி அதற்கு முன்பே கப்பலேறிப் போய்விட்டிருந்தார், அவரிடம் எதுவும் கொடுத்தனுப்பவில்லையாம். கொட்டாஞ்சேனையில் சோமாவின் முன்னால் நான் அதை அவிழ்த்தபோது கந்தசாமி வீட்டில் இல்லை. உள்ளே ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. "ஆர் அனுப்பினது?" என்றாள் சோமா. "அவருடைய சித்தி" என்றேன். அவருக்கு ஒரு சித்தி உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். ராசிபுரத்தில் நடந்ததில் கந்தசாமி எவ்வளவு அவளிடம் சொல்லியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. குழந்தையின் காலில் மாட்டினாள். பார்க்காத காலுக்கு மனக்கணக்கில் அளவெடுத்த கொலுசு அது. பெரிதாக இருந்தது, இரண்டு எட்டு வைத்ததும் நழுவியது. கழற்றப் போனால் மல்லிகா விடவில்லை. ஒரு கையால் கொலுசைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே, சந்தின் மறுமுனை வரைக்கும் நடந்து போனாள்.