ஜுமைராவில் வீடு, கராமாவில் கேட்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பில்டிங் நாத்தூர் போன் பண்ணுகிறார். நம் ஊரில் வாட்ச்மேன் என்போமே, அவரைத்தான் இங்கே நாத்தூர் என்பார்கள். எங்கள் நாத்தூர் மலையாளி.

"சேச்சி, உங்களுக்கு ஒரு கேட் வந்துட்டுண்டு."

"பார்சலா?"

"பார்சல் இல்லா சேச்சி. கேட். இரும்பு கேட்."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கீழே ஒரு பிக்கப் வண்டி. அதன் முதுகில் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெரிய கதவுகள். பச்சை பெயிண்ட். பாகிஸ்தான்காரப் பட்டாணி டிரைவர் என்னைப் பார்த்ததும் மரியாதையாகக் கேட்டார்: "மேடம், கிதர் லகானா ஹை?"

எங்கே மாட்டுவதா? நான் இருப்பது கராமாவில், ஐந்தாவது மாடியில், இரண்டு பெட்ரூம் வாடகை ஃப்ளாட். மாட்டுவதென்றால் என் கழுத்தில்தான் மாட்ட வேண்டும்.

அதற்குள் என் வீட்டுக்காரரும் இறங்கி வந்துவிட்டார். அசல் திருநெல்வேலிக்காரர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏளா... இதுக்கு உண்டான வீடு எப்ப வரும்?"

சிரிக்காதீர்கள். எல்லாம் என் வாய் செய்த வேலை. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் சிநேகிதி மாலதி ஆர்க்கிடெக்ட். திருச்சிக்காரி. இங்கே எல்லா ஆர்க்கிடெக்ட்டும் புதுக் கட்டிடம் கட்டப் போவார்கள். இவள் பழைய வீட்டைத் தேடிப் போவாள். பழையது என்றால் ஆயிரம் வருஷக் கோயில் இல்லை... துபாயில் ஒரு வீட்டுக்கு நாற்பது வயசானால் அது கிழம். மாலதிக்கு அதுதான் புராதனம்.

ஜுமைராவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலோரம் பணக்காரர்கள் இருக்கும் ஏரியா. பீச் ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டே மாலதி எனக்கு முழு வரலாற்றையும் எடுத்துவிட்டாள்.

"முதல்ல இங்க பேரீச்ச ஓலை வீடுதான்டி. மீன் பிடிக்கிறவங்க இருந்த இடம். காசு இருந்தவங்க கடல் பவளக் கல்லுல கட்டினாங்க. பெட்ரோல் வந்துச்சு, சிமெண்ட் வந்துச்சு. அப்போ கட்டின வீடு பாரு, ஒத்த மாடி, முன்னாடி வராண்டா, காத்து வர ஓட்டை ஓட்டையா சிமெண்ட் ஜாலி. எவ்ளோ அழகு!"

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாருக்கும் ரோமாபுரி ஆசை வந்துருச்சு. வாசலுக்கு நாலு தூண், மேல ஒரு சிங்கம். இப்போ அதையும் இடிச்சுட்டு வெள்ளை வெள்ளையா பொட்டி கட்றாங்க."

உண்மைதான். தெருவில் வரிசையாகப் பார்த்தேன். யாரோ ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்ட மாதிரி வீடுகள். ஆனால் ஒன்றின் பாத்ரூமுக்கு ஆகும் செலவில் நான் ஊரில் ஒரு வீடே கட்டிவிடலாம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மாலதி என்னைக் கூட்டிப்போனது ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு. தூண் இல்லை. சிங்கம் இல்லை. கட்டின நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிற ஒரே வீடு, அந்தத் தெருவில். சொந்தக்காரர் பெயர் மரியம். இந்த ஊர்க்காரம்மா, ஐம்பது தாண்டியவர், ஸ்கூல் பிரின்சிபாலாக இருந்து ரிடையர் ஆனவர். அப்பா கட்டிய வீடு. இரண்டு தம்பிகள், இடித்துவிட்டுப் புதிதாய் ஆளுக்கொரு வில்லா கட்டலாம் என்று நச்சரிக்கிறார்கள். இவர் தலையாட்டினால் போதும், மறுநாள் புல்டோசர்.

இடிக்காமல் காப்பாற்ற மாலதி ஒரு பிளான் போட்டிருந்தாள். முன்னால் பழைய வீடு அப்படியே இருக்கட்டும், பின்னால் காலி இடத்தில் புது வீடு. மரியம் மேடம் யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார். மாலதிக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை.

"அவங்க பேச ஆசைப்படுவாங்க. நான் போனா பிளான், பிளான்னு அடிச்சு விட்டுருவேன். நீ சும்மா வந்து சகஜமா பேசு" என்றுதான் என்னைக் கூப்பிட்டாள்.

சகஜமாகப் பேசு என்று என்னிடம் சொன்னது அவள் தப்பு.

நம் வழக்கம் என்ன? ஒரு வீட்டுக்குப் போனால் சுற்றிப் பார்க்க வேண்டும். பார்த்ததை எல்லாம் பாராட்ட வேண்டும். கர்ட்டன் சூப்பர், கிச்சன் சூப்பர், இந்த ஷோகேஸ் எங்கே வாங்கினீங்க... பாராட்டாமல் வந்தால் "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா" என்று பேச்சு வரும். வராதா?

அந்த வீட்டுக் கேட்டைப் பார்த்ததும் எனக்குப் பாராட்டக் கஷ்டமே இல்லை. நிஜமாகவே மனசு பறிபோனது. ஒவ்வொரு கதவிலும் பாதிச் சூரியன். சாத்தினால் முழுச் சூரியன், கீழே அலை, ஓரமாக ஒரு பாய்மரப் படகு. மரியம் மேடத்தின் அப்பா சாக்பீஸால் தரையில் வரைந்து கொடுக்க, வெல்டர் அதைப் பார்த்து இரும்பை வளைத்தாராம். நான் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். "இவ்ளோ அழகான கேட்டை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை மேடம்" என்றேன். ஒரு தடவை அல்ல. உள்ளே போய் ஈச்சம்பழம் சாப்பிடும்போதும் சொன்னேன். வெளியே வரும்போதும் சொன்னேன்.

மாலதி காரை எடுக்கப் போயிருந்தாள். மரியம் மேடம் என்னையே பார்த்தார். இங்கிலீஷில்தான் பேசினார், ஆனால் எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா? அப்ப இது உங்களோடது."

நாமும்தானே சொல்வோம்? "இது உங்க வீடு மாதிரிங்க" என்று. யாராவது மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்களா? அந்த மாதிரி என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த அரபி கொஞ்சம். அதில் நன்றி சொல்கிற வார்த்தையைப் பெருமையாக எடுத்துவிட்டேன். வீடு எங்கே என்று அவர் கேட்டதற்கு விலாசத்தையும் சொன்னேன்.

"ஷுக்ரன்! ஷுக்ரன்!"

கேட் வந்த சனிக்கிழமைக்கு வருவோம். லிஃப்டில் ஏறாது. வண்டிக்காரர் நேரமாகிறது, யல்லா யல்லா என்கிறார். கடைசியில் எங்கள் பார்க்கிங் இடத்தில் சாய்த்து வைத்தோம். வீட்டுக்காரர் கார் வெளியே வெயிலில் மணல் மைதானத்துக்குப் போனது. அதைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் பத்திரிகையில் எழுதக் கூடியவை அல்ல.

மாலதிக்குப் போன் போட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அடிப்பாவி! வாங்கிட்டியா?"

"அவங்கதான் உங்களோடதுன்னாங்க, நான் ஷுக்ரன்னு சொன்னேன்..."

"இங்க ஒரு பொருளை இப்படி வாய் ஓயாமப் புகழ்ந்தா பழைய ஆளுங்க எடுத்துக் கொடுத்துருவாங்கடி! 'ஐயோ வேண்டாம், உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு'ன்னு நீ மறுக்கணும். திரும்பத் திரும்ப மறுக்கணும். நீ தேங்க்ஸ் சொல்லிட்டு வந்திருக்க!"

"சரி, திருப்பிக் கொடுத்துடறேன்."

"கொடுக்கக் கூடாது! அன்பளிப்பைத் திருப்பினா மூஞ்சில அடிச்ச மாதிரி." பிறகு குரல் உடைந்துபோய்ச் சொன்னாள்: "வாசல் கேட்டையே தூக்கிக் கொடுத்துட்டாங்கன்னா என்ன அர்த்தம்? இடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. போச்சு. எல்லாம் போச்சு."

அந்த வாரம் முழுக்க பார்க்கிங் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. ஒரு வீட்டின் முகத்தைப் பிடுங்கி வந்து தூணில் சாய்த்து வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. தின்னவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்பார்களே, அதுதான்.

வழி சொன்னது எங்கள் வீட்டுக்காரர். வெயிலில் காய்கிற கார் அவரை யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

"பக்கத்து வீட்டுல கொழம்பு குடுத்துவிட்டா பாத்திரத்த என்ன செய்வ?"

"திருப்பிக் கொடுப்பேன்."

"வெறுமனயா குடுப்ப?"

"சேச்சே... ஏதாவது போட்டுத்தான்."

"அப்ப போட்டுக் குடு ளா. கேட்டத் திருப்புதோம்னு எதுக்கு நெனைக்க? பாத்திரத்தத் திருப்புதோம்னு நெனை."

அடுத்த சனிக்கிழமை கராமாவிலிருந்து ஜுமைராவுக்கு ஒரு ஊர்வலம். முன்னால் பிக்கப், மேலே கேட். பின்னால் காரில் நானும் மாலதியும். என் மடியில் பெரிய டப்பா நிறைய நெய் மைசூர்பாகு. மாலதி வழியெல்லாம் "நீ பேசாத, நீ பேசாத" என்று ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள்.

தெருவில் திரும்பியதும் எனக்கு பகீர் என்றது. கேட் இருந்த இடம் வெறும் பொந்து. ரோட்டிலிருந்தே எல்லாம் தெரிகிறது... வராண்டா, கொடியில் காய்கிற துணி, ஒற்றை நாற்காலி. அந்த நாற்காலியில்தான் மரியம் மேடம் உட்கார்ந்திருந்தார்.

வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் டப்பாவை நீட்டினேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"எங்க ஊர்ல பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம் மேடம். இதுல ஸ்வீட் போட்டுக் கொண்டுவந்திருக்கேன். பாத்திரம்தான் கொஞ்சம் பெருசு."

மாலதி கண்ணை மூடிக்கொண்டாள்.

மரியம் மேடம் டப்பாவை வாங்கவில்லை. நேராகப் பிக்கப்பிடம் போனார். கேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகுதான் பேசினார்.

"தம்பிங்களுக்குச் சரின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இதாவது ஆசைப்பட்டவங்க கையில இருக்கட்டும்னு அனுப்பினேன். அன்னைக்குச் சாயங்காலம் கார்ல வர்றேன், அடையாளம் தெரியாம என் வீட்டையே தாண்டிப் போயிட்டேன். பிறந்து வளர்ந்த வீடு! திரும்பி வந்து இந்த ஓட்டையைப் பார்த்தேன். காரை விட்டு இறங்க முடியலை. ஒரு கேட்டுக்கே இப்படின்னா... தம்பிங்களைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். பின்னாடி கட்டிக்கோங்க, இது நிக்கும்."

"அப்ப ஏன் மேடம் எங்களுக்கு ஒரு போன் பண்ணலை?" மாலதிதான் கேட்டாள். அழுதுகொண்டே.

"கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்கிறது?"

யோசித்துப் பாருங்கள். கொடுத்ததைத் திருப்பக் கூடாது என்று நான் கராமாவில் தவிக்கிறேன். கொடுத்ததைக் கேட்கக் கூடாது என்று அவர் ஜுமைராவில் தவிக்கிறார். நடுவில் இந்தக் கேட், ஒரு வாரமாக என் வீட்டுக்காரரின் பார்க்கிங்கில். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, இரண்டு நல்ல மனுஷர்களை அது படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். மேடம்தான் டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்தார், பட்டாணி டிரைவருக்கும் சேர்த்து. வெறும் தட்டைத் திருப்பாத வழக்கம் அவர்களுக்கும் உண்டாம். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டுத் தட்டுகள் நிரம்பியேதான் போய் வருமாம்.

கேட்டை மறுபடி மாட்டி முடிக்கும்வரை உள்ளே உட்கார வைத்து அரபிக் காபி, கஹ்வா கொடுத்தார். சின்னச் சின்னப் பீங்கான் கோப்பைகள், ஓரத்தில் தங்கப் பூ. எவ்வளவு அழகு தெரியுமா? நான் கூரையைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

நேற்று மாலதி போன் பண்ணினாள். ரெண்டு தெரு தள்ளி இன்னொரு பழைய வீடாம், அதையும் இடிக்கப் போகிறார்களாம், என்னை அவசியம் வரச் சொல்கிறாள்.

"வேண்டாம் தாயே, நான் வாயைத் திறந்தா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"அதுக்குத்தான்டி கூப்பிடுறேன். இந்தத் தடவை மாடிப்படியைப் புகழ்ந்துட்டு வா!"