முதல்ல மூஞ்சி, அப்புறம் ஆட்டம்

கம்மாபுரத்தில் மகள் வீட்டில் இருந்தபோது தந்தி வந்தது. கடலூரில் வைத்தியலிங்கம் காலமானார். மருமகன் படித்துச் சொல்லிவிட்டு, "போன வாரந்தான மாமா பாத்துட்டு வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

நானும் வைத்தியும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். எனக்குக் கணக்கு, அவனுக்கு விஞ்ஞானம். மணி அடித்ததும் கேமராவோடு விளையாட்டுக் கூடங்களுக்குப் போய்விடுவான். அங்கே வெளிச்சம் எப்போதும் போதாது. உயரத்தில் ஒரு ஜன்னல், கூரையில் இரண்டு குண்டு பல்பு. ஃபிளாஷ் போடச் சொல்லாதவர்கள் இல்லை. "பளு தூக்குறவன் கண்ணு கூசி கைய விட்டான்னா பாரம் அவன் தலையிலதான் வுழும். எனக்குப் படமா பெருசு?" என்பான். மேலே எறிந்த பந்து இறங்குவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறதல்லவா? உடம்பும் அப்படி நிற்கும். அசைந்தால் அந்த மங்கல் வெளிச்சத்தில் படம் கலைந்துவிடும் என்பதால் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பான்.

சிதம்பரத்தில் ஒரு பளுதூக்கும் போட்டி. எங்கள் பழைய மாணவன் காசி, கடலோரக் குப்பத்துப் பிள்ளை, பாரத்தைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினான். நிற்கவேண்டிய கணத்தில் தலை ஆடிவிட்டது. ஜெயித்தான், ஆனால் படத்தில் முகம் கலைந்து போயிருந்தது. "வுடுங்க சார், அடுத்த தபா எடுத்துக்கலாம். எம் மூஞ்சி எங்க போவப்போவுது?" என்று சிரித்தான்.

அந்த ஐப்பசியில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவன் தாய் அஞ்சலை படம் கேட்டுப் பள்ளிக்கு வந்தார். வைத்தியிடம் இருந்தது அந்தக் கலைந்த படம் ஒன்றுதான். எடுத்துக் கொடுத்தான்.

"மூஞ்சி எங்க சார்?"

அந்தம்மா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். முழங்காலை விரலால் தடவினார். "கட்டமரம் இடிச்ச தழும்பு. எம்புள்ளதான்." முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் வைத்தி ஃபிளாஷ் போடவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிடுவான். "முதல்ல மூஞ்சி, அப்புறம் ஆட்டம்."

"பொண்ணு வூட்டுக்கு அனுப்பவா சார் எடுக்கறீங்க?" என்பான் ஒரு பையன் கிண்டலாக.

"அனுப்பறேன், சிரிச்சித் தொல."

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அப்படி அவன் முன்னால் நின்றிருப்பீர்கள். காரணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருந்த வார்டு இருண்டு கிடந்தது. "நாற்காலிய ஜன்னல் பக்கமா போட்டுக்க" என்றான். காற்றுக்காகச் சொல்கிறான் என்று எண்ணிப் போட்டுக்கொண்டேன். பென்ஷன் தாமதம், முட்டிவலி என்று ஏதேதோ பேசினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தந்தி வந்த பிறகுதான் விளங்கியது, நாற்காலியை ஜன்னல் பக்கம் போடச் சொன்னது காற்றுக்காக அல்ல, வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துவைக்க. அந்தப் பார்வை ஒன்றுதான் எனக்கு மிச்சம். இன்று காலை சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றேன். அவன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த முகம். பார்க்க முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.